தட்டு நிறையும் வரை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மருத்துவமனை இயக்குநர் ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் துறைத்தலைவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரின் துணைவியார் அவர்களே, தன் அப்பாவைப் பற்றி இத்தனை நல்ல வார்த்தைகளை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கும் மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரமாக நிற்கும் செவிலியர்களே, லிஃப்ட் இயக்குபவர்களே, துப்புரவுப் பணியாளர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்களுக்கும் ஐந்து நிமிடம்தான் ஒதுக்கினார்கள். ஆளுக்கு அரைமணி நேரம் பேசினார்கள். அதனால் என்னுடைய ஐந்து நிமிடமும் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேடை ஏறும்போது நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என் பக்கத்தில் வந்து, "மேடம், நல்லது மட்டும் பேசுங்க" என்று கேட்டுக்கொண்டார். இந்த மருத்துவமனையின் மருந்தகம் என் பொறுப்பில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சிடுசிடு மேடம்' என்று கூப்பிடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நல்லது மட்டும்தான் பேசப்போகிறேன். யாருக்கு நல்லது என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

மறைந்த நம் மரபணு மருத்துவரைப் பற்றி இங்கே என்னென்னவோ சொன்னார்கள். முன்னோடி என்றார்கள். தீர்க்கதரிசி என்றார்கள். மருத்துவ உலகின் விடிவெள்ளி என்று ஒருவர் சொன்னார், அப்போது அவருக்குக் குரல்கூடத் தழுதழுத்தது. நான் கேட்கிறேன், அந்த மனிதர் உயிரோடு இந்த வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது அவரை என்னவென்று கூப்பிட்டீர்கள்? 'எச்சில் டாக்டர்' என்று கூப்பிட்டீர்கள். கேன்டீனில் அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தால், "அய்யோ, குழாயை நீட்டிடுவாரு" என்று எழுந்து வேறு மேசைக்குப் போனீர்கள். அப்படி எழுந்துபோனவர்களில் மூன்று பேர் இந்த மேடையில் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பேசியும் முடித்துவிட்டார்கள்.

ஏன் அந்தப் பெயர் வந்தது என்று வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது.

ஒரே மாத்திரைதான். நூறு பேர் விழுங்கினால் பெரும்பாலும் எல்லோருக்கும் வேலை செய்யும். எங்கோ ஒருவருக்கு மட்டும் அதே மாத்திரை உடம்பு முழுக்கத் தீப்பட்டதுபோலத் தோலை உரித்துவிடும். வாய் புண்ணாகும், கண் போகும், உயிரும் போகும். வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் நாம் கொடுக்கிற மருந்து ஒன்று அப்படிப்பட்டது. அது யாரைத் தாக்கும் என்பது அவரவர் பிறக்கும்போதே மரபணுவில் இருக்கிறது. கொஞ்சம் எச்சில் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆயுளுக்கு ஒரே ஒரு தடவை சோதித்தால் போதும். இவ்வளவுதான் சங்கதி. இதைப் பெரிய விஞ்ஞானமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. "பிரஷர் பாக்கற மாதிரி, சுகர் பாக்கற மாதிரி இதையும் பாத்துட்டு மருந்து குடுக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது" என்பார். இதை அவர் எத்தனை கூட்டங்களில் சொல்லியிருப்பார்! எத்தனை பேர் அப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்!

அந்தச் சோதனைக்கென்று ஓர் இயந்திரம் வந்தது. வந்த நாளை எல்லோரும் நினைவு வைத்திருப்பீர்கள். ரிப்பன் கட்டினோம், கேக் வெட்டினோம், இயந்திரத்தைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் வரவேற்பறையில் தொங்குகிறது. படத்தில் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அந்த இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று தெரிந்தவர் மட்டும் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார். அவருக்குத்தான் இன்றைக்கு அஞ்சலி செலுத்துகிறோம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? இயந்திரத்தில் ஒரு தட்டு வைப்பார்கள். அதில் தொண்ணூற்றாறு குழிகள். ஒரு குழிக்கு ஒருவருடைய மாதிரி. தட்டு நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஒரு தடவை ஓட்டுவதற்கு ரசாயனம் ஒரே அளவுதான் செலவாகும். உடனே நம் நிர்வாகக் குழு கூடி ஒரு விதி போட்டது. தட்டு நிறைந்தால்தான் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். துணி துவைக்கிற இயந்திரத்துக்கு மிகவும் நல்ல விதி அது.

மருத்துவமனைக்கு? ஒரு நோயாளியிடம் திங்கட்கிழமை மாதிரி எடுப்பார்கள். தட்டு நிறையட்டும் என்பார்கள். மாதிரி குளிர்பெட்டிக்குள் போகும். நோயாளிக்கு வலி, காத்திருக்க முடியாது, மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். சோதனை முடிவு எப்போதோ வரும். இப்படி வருகிற முடிவுக்காக நாங்கள் எதற்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று மருத்துவர்கள் மாதிரிகளை அனுப்புவதையே நிறுத்தினார்கள். இவர்கள் அனுப்பாததால் அவர்கள் ஓட்டவில்லை. அவர்கள் ஓட்டாததால் இவர்கள் அனுப்பவில்லை. இயந்திரத்தின்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினார்கள். ஆண்டறிக்கையில் மட்டும் 'மரபணுச் சோதனை வசதி உண்டு' என்ற வரி வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

வேறு ஒருவராக இருந்தால் எனக்கென்ன வந்தது என்று சம்பளத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். நம் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பை நிறையக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். காலியாக இருக்கும் குழிகளை நிரப்பப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் எச்சில் கேட்டார். லிஃப்டில் கேட்டார். வாகன நிறுத்தத்தில் கேட்டார். தணிக்கைக்கு வந்த அதிகாரியிடமே கேட்டார், பாவம், அந்த மனிதர் பயந்துபோய்க் கொடுத்தும் விட்டார். யாரும் கிடைக்காத நாளில் தானே துப்பி வைப்பார். ஒரே தட்டில் அவருடைய மாதிரி மட்டும் இருபது குழிகளில் இருந்திருக்கிறது. "சார், உங்க மரபணு நேத்திக்கு இருந்த மாதிரியேதான் இன்னிக்கும் இருக்கு" என்று ஆய்வகப் பெண் கேலி செய்வாள். "மாறியிருந்தா சொல்லு, நோபல் பரிசுக்கு எழுதிப் போடுவோம்" என்பார்.

அவர் துணைவியார் ஒருநாள் என் கவுன்ட்டருக்கு வந்தபோது, வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "வீட்ல இருக்கறவங்க எல்லாரும் துப்பி முடிச்சாச்சு. பொண்ணு பாக்க வந்தவங்களையும் விடல. இனி பக்கத்து வீடுதான் பாக்கி" என்றார். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா, இன்றைக்கு அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. ஒரு மருத்துவமனை செய்ய வேண்டிய வேலையை ஒரு மனிதர் தன் வீட்டாருடைய எச்சிலை வைத்துச் செய்துகொண்டிருந்தாரே, அதைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோமே.

ஆனால் அப்படி நிரப்பி ஓட்டிய தட்டுகளால் தப்பித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்று இங்கே வரவில்லை. வர மாட்டார்கள். தங்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்பதால், ஏன் நடக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. இந்த வேலையில் இருக்கிற கொடுமை அதுதான். அறுவைசிகிச்சை செய்தவருக்குக் கை கொடுப்பார்கள், பரிசு கொடுப்பார்கள். தோல் உரியாமல் காப்பாற்றியவருக்கு யார் நன்றி சொல்வார்கள்?

பிறகு அதுவும் நின்றது. 'தேவையற்ற மாதிரிகளைக் கொண்டு தட்டை நிரப்பி ரசாயனத்தை வீணடிப்பதாக'ச் சுற்றறிக்கை வந்தது. விளக்கம் கேட்டார்கள். அவருடைய எச்சில் தேவையற்ற மாதிரி! குழாய்ப் பையைப் பிடுங்கி ஸ்டோர் அறையில் வைத்துவிட்டார்கள். தட்டு மறுபடியும் காலியாகக் காத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சலூன்காரர் வந்தார். மூன்றாவது வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அவருடைய மச்சான் கையைப் பிடித்து அழைத்துவந்திருக்கிறார். முகத்தில் ஒரு பக்கம் மின்சாரம் பாய்ந்ததுபோல வலி, சவரக்கத்தியைப் பிடித்த கை நடுங்குகிறது என்று வந்தார். அவரிடமும் மாதிரி எடுத்தார்கள். குளிர்பெட்டியில் வைத்தார்கள். தட்டு நிறையட்டும் என்றார்கள். மருந்தை ஆரம்பித்தார்கள். தட்டு நிறைவதற்குள் அவருக்குத் தோல் உரிந்தது. வாய் வெந்தது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்தது. பிழைத்தார், ஆனால் கத்தியைப் பிடிக்கும் தொழில் அத்தோடு போயிற்று.

அவர் கொஞ்சம் தேறி உட்கார்ந்த நாளில் நான் அங்கே இருந்தேன், அவருடைய மருந்துகளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். கட்டிலைச் சுற்றி ஏழெட்டு மருத்துவர்கள். நம் டாக்டர் கடைசியில் நின்றார். சலூன்காரர் கட்டுப்போட்ட முகத்தோடு பொதுவாகக் கேட்டார்: "இந்த மருந்து எனக்கு ஆகாதுன்னு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க முடியுமா?"

ஒருவர் கோப்பைப் புரட்டினார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். எல்லோருக்கும் பின்னாலிருந்து நம் டாக்டர் சொன்னார்: "முடியும். உங்க எச்சிலக்கூட எடுத்து வெச்சிருந்தோம். சோதிச்சுப் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"தட்டு நிறையல."

அந்த மனிதருக்கு அது புரியவில்லை. எந்தத் தட்டு, என்ன தட்டு என்று தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவர் சொல்லி முடித்தபோது அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

அன்று மாலையே இயக்குநர் அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஐயா, நீங்கள் தலையை நிமிர்த்தலாம், நான் இல்லாததைச் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயர் கெடும் என்று சொன்னீர்களாம். உண்மையைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது என்றீர்களாம். அவர் அறையிலிருந்து நேராக என் கவுன்ட்டருக்கு வந்தார், முகம் சிவந்திருந்தது. என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "மொற தெரியாம சொல்லிட்டேன் சார், அடுத்த ஆளுக்குத் தோல் உரியும்போது மொறப்படி சொல்றேன்னு சொன்னேன்" என்றார்.

அந்த ஒரு பதிலுக்குப் பொறுப்பு போயிற்று. துறைத்தலைவர் 'மதிப்புறு ஆலோசகர்' ஆனார். மதிப்புறு என்றால் என்ன பொருள் என்று இங்கே வேலை செய்கிற யாரையும் கேளுங்கள்: இனி உங்களிடம் எதையும் கேட்க மாட்டோம் என்று பொருள். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கொடுத்தார்கள். உடைந்த நாற்காலிகளையும் பழைய திரைச்சீலைகளையும் ஒதுக்கிவிட்டு அவர் மேசையைப் போட்டார்கள். மேலே ஆள் இறங்கினால் அவர் தலைக்குமேல் தடதடவென்று கேட்கும். அங்கே உட்கார்ந்துதான் வார்டு வார்டாக மருத்துவர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். இந்த நோயாளிக்குச் சோதித்தீர்களா, அந்த நோயாளிக்குச் சோதித்தீர்களா என்று கேட்பார். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். எடுத்தவர்களும் வார்டில் வேலையாக இருக்கிறேன் என்பார்கள்.

போன வாரம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. நாம்தான் அவரைக் கொன்றோம் என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது. சொல்ல மாட்டேன். சொன்னால் அவரே எழுந்து வந்து, "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்பார். ஆதாரம் இல்லாமல் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆதாரம் இருந்த விஷயத்தை அவர் பேசியபோதும் நாம் கேட்டதில்லை.

இங்கே வரும் வழியில் சலூன்காரர் என்னை நிறுத்தினார். "எனக்கு உண்மையச் சொன்னது ஒரே ஒருத்தருதான். அவரும் போயிட்டாரு" என்றார். இன்றைய இரங்கல் உரைகளில் எனக்குத் தெரிந்து பொய்யில்லாதது அது ஒன்றுதான். அதைச் சொன்னவருக்கு மேடையில் இடம் இல்லை.

அந்த ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைக்கப்போவதாகச் சற்றுமுன் அறிவித்தீர்கள். பலத்த கைதட்டல். எனக்குக் கை எழவில்லை. உறை போட்டு மூடிய இயந்திரம் இருக்கும் அறைக்கு அவர் பெயரா? உயிரோடு இருந்தபோது மாடிப்படிக்குக் கீழே தள்ளியவரை, இறந்தபிறகு கதவில் அறைந்து மாட்டப்போகிறீர்களா?

வருத்தப்பட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். வருத்தம் இருக்கிறது, அதை வீட்டில் வைத்து அழுதுகொள்கிறேன். இங்கே நான் வந்தது வேறு விஷயத்துக்காக.

ஐந்தாம் வார்டில் தபால் கொடுக்கும் பெண் ஒருத்தி படுத்திருக்கிறாள். சைக்கிளில் போகும்போதே வலிப்பு வந்து விழுந்தவள். முதலில் கொடுத்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளைமேல் எரிந்து விழுகிறாள், இரவெல்லாம் அழுகிறாள். அதனால் மருந்தை மாற்றி எழுதியிருக்கிறார்கள். எந்த மருந்து? சலூன்காரருக்குக் கொடுத்த அதே மருந்து. அவளுடைய எச்சிலை நம் டாக்டரே நேரில் போய் எடுத்திருக்கிறார். அடுத்த நாள் காலையில்தான் அவர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். அவர் கையால் எடுத்த கடைசி மாதிரி, இப்போது நாம் கூடியிருக்கும் இந்த அரங்குக்கு இரண்டு மாடி கீழே, குளிர்பெட்டியில் இருக்கிறது. நான் ஆய்வகத்துக்குப் போன் செய்து கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தட்டு நிறையவில்லையாம்.

இன்று காலை அந்தப் பெண்ணின் கணவர் மருந்துச் சீட்டோடு என் கவுன்ட்டருக்கு வந்தார். தர முடியாது என்றேன். "இருக்கா இல்லையா மேடம்? இருந்தா ஏன் தர மாட்டேங்கறீங்க? அவ படுற பாட்ட நீங்க பாக்கல" என்றார். அவர் கோபம் நியாயமானது. வார்டு மருத்துவரிடம் பேசினேன். ஊசி மருந்தில் இரண்டு மூன்று நாள் சமாளிக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். இயந்திரத்தை இன்று ஓட்டினால் நாளைக்கு முடிவு வந்துவிடும். ஓட்டுவதற்குத் தெரிந்த பெண்ணும் இதோ சுவரோரமாக நிற்கிறாள். ஓட்டச் சொல்லி ஒரு கையெழுத்துதான் இல்லை.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு தம்பி குரல் கொடுத்தார். நாம் எல்லோரும் இப்போதே கீழே போய் எச்சில் கொடுத்துத் தட்டை நிரப்பிவிடலாம், டாக்டருக்கு அதுதான் உண்மையான அஞ்சலி என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் வேண்டாம். அவர் இத்தனை வருடம் அதைத்தான் செய்தார். ஒரு முட்டாள்தனமான விதியைத் தன் எச்சிலால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். இன்றைக்கு நாம் துப்பினால் இந்தப் பெண் தப்பிப்பாள். நமக்கும் கண் கலங்கும், கட்டிப்பிடித்துக்கொள்வோம், வீட்டுக்குப் போவோம். அடுத்த வாரம் வருகிறவருக்கு யார் துப்புவது? விதி அப்படியே இருக்கும். அந்த விதிக்குச் சேவகம் செய்ய இன்னொரு நல்ல மனிதரைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஆகவே நான் ஒரு சபதம் எடுக்கிறேன். அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் பொதுவாகச் சொன்னீர்கள். நான் என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். இன்றிலிருந்து அந்த மருந்தைப் புதிதாக ஆரம்பிக்கும் எந்த நோயாளிக்கும், சோதனை முடிவு கம்ப்யூட்டரில் ஏறாமல் என் மருந்தகத்திலிருந்து ஒரு மாத்திரை வெளியே போகாது. எந்தத் துறைத்தலைவர் போன் செய்தாலும் போகாது. என்மேல் நடவடிக்கை எடுங்கள். என்னையும் மதிப்புறு ஏதாவது ஒன்றாக ஆக்குங்கள். மாடிப்படிக்குக் கீழே அந்த அறை இப்போது காலியாகத்தான் இருக்கிறது.

இயக்குநர் ஐயா, அடுத்ததாக எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் எழ வேண்டாம். இந்த இடத்தில் இனியும் மௌனம் கூடாது. ஒற்றைக் குழியில் மாதிரி இருந்தாலும் இயந்திரத்தை ஓட்டலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும், இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். முடியாது என்றால் அதையும் வாய்திறந்து சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் கணவர் அரங்கத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், நான்தான் அழைத்து வந்தேன். வாசல் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன், அவருக்குக் கேட்கும்.

இந்தாருங்கள் ஐயா, மைக். நீங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் நான் இங்கேயே நிற்கிறேன்.